மாப்பிள்ளைக்கு ஒரு சேற்றுச் சப்பாத்து

என்னைப் பினாங்குக்கு அழைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தன்னோடு சேர்ந்து மலையில் ஓட வரச் சொன்னார். இன்னொருவர் அந்த ஓட்டத்தை எப்படியாவது நிறுத்திவிட்டுப் போகச் சொன்னார். இரண்டு பேரும் ஆயர் ஈத்தாமில் ஒரே வீட்டில் ஒரே ரசத்தை ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள். ஓடக் கூப்பிட்டவர் என் தங்கை செல்வியின் கணவர் குணசேகரன், எனக்கு மாப்பிள்ளை. நிறுத்தக் கூப்பிட்டது சாட்சாத் என் தங்கைதான்.

நான் திண்டுக்கல்லில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவன். காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி ஓடுவேன். ஓடுகிறேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், பார்க்கிறவர்கள் "என்னண்ணே, பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். இந்த ஓட்டத்தை நம்பித்தான் மாப்பிள்ளை போன் பண்ணினார்.

"ஜோடி ஓட்டம் மச்சான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கோட்டைத் தாண்டணும். என் ஜோடிக்கு அக்கரையில கெப்பாலா பத்தாஸுக்கு மாத்தலாயிருச்சு, இனிமே ப்ராக்டிஸுக்கு வர மாட்டான். நீங்க வாங்க லா, மலை அப்படியே குளுகுளுன்னு இருக்கும்."

அன்று சாயங்காலமே தங்கையின் போன். "அண்ணே, அவருக்கு இனிப்பு நீர் இருக்குன்னு தெரியும்ல? இந்த நெலமையில மலையில போயி ஓடறாரு. நான் சொன்னா காதுல ஏறல. நீ வந்து சொல்லு, கேப்பாரு." சர்க்கரை வியாதியை அங்கே இனிப்பு நீர் என்கிறார்கள். நான் சொல்லி மாப்பிள்ளை எதையாவது கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. ஆனாலும் இரண்டு பேரிடமும் "சரி" என்று சொல்லி வைத்தேன். பினாங்கில் சாப்பாடு பிரமாதம் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்த அன்று நல்ல மழை. அடுக்குமாடியின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை இருக்கிறதாம். எனக்கு வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி மேகம்தான் தெரிந்தது. செல்வி "பாசார் போயி மீன் வாங்கினேன் லா, உனக்குன்னு" என்று சொல்லிக்கொண்டே தட்டில் அள்ளி வைத்தாள். கல்யாணமாகிப் போன இத்தனை வருடத்தில் அவள் வாயில் 'லா' ஒட்டிக்கொண்டது. கை மட்டும் எங்கள் அம்மா கைதான், குழம்பில் புளி தூக்கலாகவே இருந்தது.

மாப்பிள்ளை ஒரு கிண்ணம் சோற்றோடு நிறுத்திக்கொண்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் அவர். இனிப்பு நீர் என்று சொன்ன நாளிலிருந்து சீனியைத் தொடுவதில்லை. ஓட ஆரம்பித்ததில் தொப்பையும் காணாமல் போயிருந்தது. மனுஷன் என்னைவிட இளமையாக இருந்தார், எனக்கு எரிச்சலாக இருந்தது.

வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் ஷூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஊரில் ஆசையாக வாங்கிய புதுசு, பால் வெள்ளை.

"மச்சான், இது கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போற சப்பாத்து."

"ஏன், மலைக்கோட்டையில இந்த மாதிரிதான் போட்டு ஓடறேன்."

"சரி சரி, காலையில பாக்கலாம் லா."

காலையில் பார்த்தோம். வீட்டுக்குப் பின்னாலிருந்து மலைக்குப் போகும் பாதை முதலில் சிமெண்டுப் படிகளாக நல்ல பிள்ளை போலத் தொடங்குகிறது. கால்மணி நேரம் கழித்துப் படிகளைக் காணோம். செம்மண் சேறு, அதற்கு மேல் ஈர இலை, அதற்குக் குறுக்கே மரவேர். எங்கள் ஊர் மலை வெறும் பாறை; வெயிலில் காயும், காலைச் சுடும், ஆனால் பிடித்துக்கொள்ளும். இந்த மலைக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது. என் ஷூவின் அடி வழவழவென்று இருந்ததால் ஒவ்வோர் அடிக்கும் பாதி அடி பின்னால் வந்தேன். மூன்றாவது வளைவில் மொத்தமாக உட்கார்ந்தேன். குடையை ஊன்றிக்கொண்டு ஏறி வந்த ஒரு சீன அம்மாள் என்னைத் தாண்டிப் போகும்போது மலாயில் "மெதுவா, மெதுவா" என்றார். அதற்கு மேல் மெதுவாகப் போக வேண்டுமென்றால் நான் கீழே போக வேண்டும்.

பாதி மலையில் ஒரு தகரக் கூரை. மலையேறுகிறவர்களே சேர்ந்து கட்டியது. தண்ணீரைத் தோளில் சுமந்து வந்து தேநீர் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிறார்கள். நம்மூரில் இப்படி வைத்தால் முதலில் பேனர் வைப்போம். அங்கே இருந்த கிழவர் ஒருவர் என் காலைப் பார்த்துச் சீனத்தில் ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

"சப்பாத்துக்கு அடியில எண்ணெய் தடவிட்டு வந்தியான்னு கேக்கறாரு."

இறங்கி வந்து குழாயடியில் காலைக் கழுவும்போது மாப்பிள்ளையின் வலது சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ரத்தம் ஊறியிருந்தது. நான் பதறினேன். அவர் குனிந்து பார்த்து, "எங்கயோ இடிச்சிருக்கும்" என்று சாக்ஸைப் பிழிந்து பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு 'ஸ்ஸ்' கூட இல்லை. என்ன நெஞ்சுரம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உட்கார்ந்து விழுந்த இடம் இரவு வரை வலித்தது, அதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

மறுநாள் சப்பாத்து வாங்கக் கிளம்பினோம். அவர் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்துவிடுவார், நான் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் ஜார்ஜ் டவுன் போக வேண்டும். பஸ்ஸில் குளிர்சாதனம் வைத்தவனைச் சும்மா விடக்கூடாது. பாசாரில் ஒரு கிண்ணம் ஆசாம் லக்சாவை, அதுதான் அந்தப் புளிமீன் நூடுல்ஸை, முடித்துவிட்டு ஏறியிருந்தேன். அது வயிற்றில் இறங்க, நான் தூக்கத்தில் இறங்கினேன். தொழிற்சாலைச் சீருடை போட்ட ஒரு பெண் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, கடைசி ஸ்டாப் லா. பெரி ஏறப் போறீங்களா?"

"இல்லம்மா, டவுன்ல சப்பாத்து வாங்கணும்."

"டவுன் எப்பவோ போயிருச்சு. இதுக்கு அப்புறம் கடல்தான்." அக்கரைக்குப் போகிற தன் பெரிப் படகைத் தவறவிட்டு என்னோடு நடந்து வந்து திரும்புகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

கடை, பழைய கடைவீட்டின் மாடியில். படி ஏணி மாதிரி இருந்தது; ஏறி முடித்தால் சப்பாத்து வாங்கத் தகுதி உண்டு என்று அர்த்தம் போல. கடைக்காரர் ஒல்லியான சீனர், அவரும் ஓடுகிறவர். இங்கிலீஷில் பேசினார். மாப்பிள்ளை ஏற்கனவே நாலைந்து பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சேற்றில் ஓட, சப்பாத்தின் அடிப்பக்கம் பல் நீளமாக இருக்க வேண்டும்" என்றார் கடைக்காரர், ஒரு சப்பாத்தைக் கவிழ்த்துக் காட்டி. "பல்லுக்குப் பல் இடைவெளியும் வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அடைத்துக்கொள்ளும், அப்புறம் உங்கள் சப்பாத்துக்குக் கீழே சேற்றில் இன்னொரு சப்பாத்து வளரும்."

தண்ணீர் புகாத ரகம் ஒன்று பளபளவென்று இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. அவர் தலையை ஆட்டினார். "இங்கே மழை மேலேயிருந்து காலுக்குள் இறங்கும். இறங்கினால் இதில் வெளியே போக வழியில்லை. வாளியை மாட்டிக்கொண்டு ஓடுவீர்களா? தண்ணீர் வரட்டும், உடனே போகட்டும், அப்படிப்பட்டது வேண்டும்." இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டாமலிருக்க நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டுமாம். அதைச் சோதிக்கவே சரிவாக ஒரு பலகை போட்டு வைத்திருந்தார்.

நான் அந்தப் பலகையில் ஏறி இறங்கி அவர் பிராணனை வாங்கினேன். இங்கே கடிக்கிறது, அங்கே உரசுகிறது, குதிகால் கழன்று வருகிறது, இந்தக் காலுக்குச் சரி அந்தக் காலுக்கு இல்லை. மாப்பிள்ளை அப்படியெல்லாம் படுத்தவில்லை. எதைப் போட்டாலும் "ஓகே லா". கடைக்காரர் ஒரு சைஸ் சின்னதைக் கொடுத்தார், ஓகே. பெரியதைக் கொடுத்தார், அதுவும் ஓகே. தங்கமான மனுஷன், என் தங்கை கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒன்றைப் போட்டுப் பலகையில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு, "இதான் மச்சான். சும்மா மெத்து மெத்துன்னு இருக்கு" என்று கழற்றி வைத்தார். பல்லைப் பார்க்கலாம் என்று அந்த வலது சப்பாத்தைக் கையில் எடுத்தேன். உள்ளே நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. விரலை விட்டு இழுத்தேன். புதுச் சப்பாத்துக்குள் அடைத்து வைப்பார்களே, காகிதப் பந்து, அது. நசுங்கி அப்பளமாகியிருந்தது.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மன்னிக்கணும், எடுக்க மறந்துவிட்டேன்!" நானும் சிரித்தேன். மாப்பிள்ளையும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் சட்டென்று கடைக்காரரிடம் விலை பேச ஆரம்பித்தார். நான் நாடா முடிகிற சாக்கில் கீழே உட்கார்ந்து, அவர் வலது கால் சுண்டுவிரலைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினேன். சும்மா இல்லை, நகம் பதியக் கிள்ளினேன். அவர் தள்ளுபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மாப்ள, எந்திரிங்க. அப்புறம் வந்து வாங்கிக்கலாம்."

கீழே ஒரு காப்பிக்கடை. அவருக்குச் சீனி இல்லாத கட்டன் தேநீர், 'தே ஓ கோசோங்'. எனக்கு நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், 'தே தாரிக்', வந்தது, குடிக்கவில்லை.

"எத்தன நாளா கால் இப்படி மரத்துப் போயிருக்கு?"

"தெரியல மச்சான். அது தெரியாமத்தானே வருது."

"தெரிஞ்சும் அந்தச் சேத்துலயா ஓடறீங்க? நேத்து ரத்தம் வந்துச்சே, அதுவும் தெரியலயா?"

"நீங்க சொல்லித்தான் பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறிவிருக்கா, பொண்டாட்டி பிள்ளை இருக்கா இல்லையா என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். பக்கத்து மேசையில் ஒருவர் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தேநீரைக் கலக்கினார். சீனியே இல்லாததை எதற்குக் கலக்குகிறார் என்று அதற்கும் கோபம் வந்தது.

"எங்கப்பாவுக்கும் இதே இனிப்பு நீர்தான், கால எடுத்தாங்க, தெரியும்ல?" என்றார். "செருப்புல ஆணி. அது குத்தினதே தெரியாம நாள் கணக்கா அதோட நடந்திருக்காரு. செபராங் ஜெயா வீட்டுல கடைசி வரைக்கும் நாக்காலிதான். எனக்கும் அதான் வருது மச்சான். கால் இருக்கும்போதே ஓடிக்கலாம்னு பாத்தேன்."

"செல்விகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லப் போறீங்க. அதுக்கு முன்னாடி டாக்டர்."

அடுத்த நாள் காலை கிளினிக். தலையில் முக்காடு அணிந்த மலாய் டாக்டரம்மா, வயது குறைவு, பொறுமை அதிகம். பேனா மாதிரி ஒன்றின் நுனியில் தூண்டில் நரம்பு போல மெல்லிய இழை. "கண்ணை மூடிக்கொள்ளுங்கள். காலில் படும்போது ஆமாம் என்று சொல்லுங்கள்" என்றார். இடது காலில் வைத்தார். ஆமாம். ஆமாம். ஓரிடத்தில் யோசித்து, ஆமாம். வலது காலுக்கு வந்தார். கட்டைவிரலில் வைத்து அழுத்த, இழை வில்லாக வளைந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, எப்போது தொடுவார்கள் என்று காத்திருந்தார். அடுத்த விரல். அதற்கடுத்தது. அவருக்குப் பதிலாக நானே "ஆமாம்" என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

டாக்டரம்மா அந்த ரத்தம் வந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். நகத்தோரம் சின்னக் கீறல், பழுக்கவில்லை. ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. "போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்" என்றார். மாப்பிள்ளை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் குனிந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவரை ஓடவிடாமல் செய்ய வந்த நானே கேட்டேன்: "நடந்தா?"

டாக்டரம்மா மறுபடியும் லென்ஸை எடுத்து அந்தக் கீறலைப் பார்த்தார். கீறல் முழுக்க ஆறி, தானே பார்த்த பிறகு, நடக்கலாம். சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்க்காமல் காலை விடக்கூடாது. வழியில் நின்று நின்று கழற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது சிவந்திருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், ஓரடிகூட ஏறக்கூடாது. புதுச் சப்பாத்தைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். "அளவு சரியா என்று அந்தக் காலைக் கேட்காதீர்கள். அது சொல்லாது."

வீட்டில் செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை; அப்பா, காகிதப் பந்து, இழை, எல்லாம். அவள் மடித்துக்கொண்டிருந்த சாக்ஸை மடியில் வைத்துவிட்டாள்.

"இத தொவைக்கிறது யாரு?" என்றாள். "ஒவ்வொரு வாரமும் ரத்தக் கறை. வலியத் தாங்கிக்கிட்டு ஓடறாரு, நம்மகிட்ட சொல்ல மாட்டேங்கறாரு, பிடிவாதம்னு நெனச்சித்தானே அண்ணன வரச் சொன்னேன். வலியே இல்லன்னு இப்பதான் தெரியுது. அலாமாக்..." அப்புறம் அழுதாள். அழுது முடித்ததும் திட்டினாள். அது நான் காப்பிக்கடையில் திட்டியதைவிட நன்றாக இருந்தது, மூன்று பாஷையில் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் மேசையில் வைத்தாள். எங்கள் வீட்டில் அதுதான் கோபத்தின் உச்சம். கடைசியில் அவளே வந்தாள்.

"இனிமே ஓட மாட்டேன்னு சொன்னீங்கன்னா பொய்தான் சொல்வீங்க. எனக்குத் தெரியாமப் போவீங்க. அதுக்கு எனக்குத் தெரிஞ்சே போங்க. ஆனா காயம் ஆறி டாக்டர் சரின்னு சொல்லணும். நடந்துதான் போகணும், அண்ணன் கூடவே இருக்கணும். சப்பாத்த நான்தான் எடுப்பேன்."

சாயங்காலம் மூன்று பேரும் அந்த ஏணிப்படி ஏறினோம். செல்வி பையிலிருந்து ஒரு காலை எடுத்தாள். பயப்பட வேண்டாம், அட்டைக் கால். மாப்பிள்ளையை நிற்க வைத்து, நான் ஊரிலிருந்து கொண்டுவந்த என் கடைக் காலண்டர் அட்டையில் இரண்டு பாதத்தையும் வரைந்து வெட்டியிருந்தாள். கடைக்காரர் நீட்டுகிற ஒவ்வொரு சப்பாத்துக்குள்ளும் அந்த அட்டையை நுழைத்தாள். ஓரம் மடங்கினால் அகலம் பத்தாது, திருப்பிக் கொடு. மடங்காவிட்டால் அடுத்த சோதனை. கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள்.

"இங்க ஒரு தையல் தூக்கிட்டு நிக்குது. வேணாம்."

கடைக்காரர் தானும் கையை விட்டுத் தேடினார், அவருக்குக் கிடைக்கவில்லை. எங்கள் அப்பா கடையில் குடம் வாங்க வருகிற பெண்கள் இப்படித்தான். தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே கையை விட்டு ஒடுக்கு தேடுவார்கள். அவர்களை அப்பா வாய்க்குள்ளேயே திட்டுவதை அந்தக் கடையிலேயே வளர்ந்து பார்த்தவள் செல்வி. கடைக்காரருக்கு முதலில் ஆச்சரியம், அப்புறம் கொஞ்சம் கடுப்பு. நான் ஓரமாகக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் உள்ளே போய்ப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அவள் முன்னால் அடுக்கினார்.

கடைசியில் ஒன்று தேறியது. நீளப் பல், அகல மூக்கு, உள்ளே தையல் தெரியாத வழுவழு. நிறம்தான் கண்றாவி, ஆரஞ்சும் பச்சையும். "காணாமப் போனா கண்டுபிடிக்கச் சுலபம்" என்றாள் செல்வி. கணுக்காலில் மாட்டிக்கொண்டால் கல்லும் மண்ணும் சப்பாத்துக்குள் போகாமல் தடுக்கிற துணி உறை ஒன்றையும் எடுத்தாள். எனக்கு யாரும் அட்டை வெட்டவில்லை. என் காலுக்கு வாய் இருந்ததால் அதைக் கேட்டே ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் மாப்பிள்ளை புதுச் சப்பாத்தோடு கூடத்தில் மட்டும் நடந்தார். நான் அவருக்கும் சேர்த்து நாசி கண்டார் என்கிற கறிச்சோறு சாப்பிட்டேன். ஓட்டத்துக்கு முந்தின நாள் டாக்டரம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடை" என்று விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினார்.

ஓட்டத்தன்று காலை மழை விட்டிருந்தது, சேறு விடவில்லை. நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு எத்தனையோ ஜோடிகள். புருஷன் பெண்சாதி, அப்பா மகள், ஒரே மாதிரி மீசை வைத்த இரட்டையர். ஊதல் ஊதியதும் எல்லாரும் பாய்ந்தார்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்தோம்.

முதல் நிறுத்தத்தில் அவரை மரவேரில் உட்கார வைத்து, சப்பாத்தைக் கழற்றி, சாக்ஸை உரித்து, கையில் இருந்த தண்ணீரை ஊற்றி விரல் விரலாகப் பார்த்தேன். அவர் நெளிந்தார்.

"மச்சான், நீங்க போயி என் காலத் தொட்டுக்கிட்டு..."

"கல்யாணத்தன்னைக்குத் தாம்பாளத்துல வச்சுக் கழுவிவிட்டேனே, அப்ப ஜம்முனு நீட்டிக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"அப்பவும் கூச்சமாத்தான் இருந்துச்சு லா."

"மோதிரமும் போட்டேன். அத வாங்கிக்க மட்டும் கூச்சமே இல்ல." சிரித்துவிட்டார். கால் சுத்தமாக இருந்தது. மாட்டிவிட்டுக் கிளம்பினோம்.

உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது நிறுத்தத்துக்கு முன்னால் எனக்குப் பேய் பிடித்துவிட்டது. அந்தச் சப்பாத்து செய்த வேலை அப்படி. முன்பு உட்கார்ந்து விழுந்த அதே வளைவில் பல் சேற்றைக் கவ்விப் பிடித்தது. வேகமாகப் போனவர்களில் பாதிப் பேர் மூச்சு வாங்கி ஓரத்தில் நின்றார்கள், நாங்கள் அவர்களைத் தாண்டினோம். இரட்டை மீசைகளையும் தாண்டினோம். நேரத்துக்குள் முடித்துவிடலாம், பதக்கம் உண்டு, திண்டுக்கல்லில் கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டலாம்.

நிறுத்தம் வந்தது. "அடுத்ததுல பாத்துக்கலாம் மாப்ள, போங்க போங்க" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். "இல்ல மச்சான். பாக்கணும்."

சேற்றிலேயே உட்கார்ந்து அவரே கழற்றினார். துணி உறையையும் மீறி எப்படியோ அரிசியளவு கல் ஒன்று உள்ளே போயிருந்தது. இரண்டாவது விரலின் பக்கத்தில் சிவப்பு. தோல் கிழியவில்லை, கன்றியிருந்தது, அவ்வளவுதான். எனக்கென்றால் அந்தக் கல்லுக்கு ஊரைக் கூட்டியிருப்பேன். அவர் குனிந்து, யாரோ ஒருவர் காலைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

"போதும். எறங்கிருவோம்."

"மாப்ள, சின்னச் சிவப்புதானே. பிளாஸ்திரி இருக்கு, போட்டு விடறேன். மேல இன்னும் கொஞ்ச தூரம்தான்." இதைச் சொன்னது நான்தான். ஓட்டத்தை நிறுத்துவதற்காகக் கடல் தாண்டி வந்த அதே ஆள்.

அவர் என் தோளில் கையை வைத்தார். "மச்சான், அடுத்த ஞாயித்துக்கெழமையும் நான் மலைக்கு வரணும் லா. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரணும்."

நான் கல்லைத் தட்டிவிட்டு, பிளாஸ்திரியை ஒட்டிச் சப்பாத்தை மாட்டிவிட்டேன். நாங்கள் தாண்டி வந்த ஜோடிகள் எல்லாம் எங்களைத் தாண்டி மேலே போனார்கள். இரட்டை மீசைகள் ஒரே நேரத்தில் கையசைத்தார்கள். பக்கத்தில் வண்டி போகிற தார்ச்சாலை வழியாக மெதுவாக இறங்கினோம். அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார், எனக்குத்தான் முகம் தொங்கியிருந்தது.

கீழே, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், செல்வி துண்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாக நின்றுகொண்டிருந்தாள். தப்பான திசையிலிருந்து நாங்கள் வருவதைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"என்னாச்சு? முடிக்கலயா?"

மாப்பிள்ளை சாலையோரக் கட்டையில் உட்கார்ந்து, சப்பாத்தையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் அவள் பக்கம் நீட்டினார்.

"முடிக்கல லா. ஆனா பத்து வெரலையும் திருப்பிக் கொண்டாந்துட்டேன். எண்ணிக்கோ."

நான் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை. அத்தனை பேர் நடக்கிற இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்து மடியில் வைத்து, சேற்றைத் துடைத்துவிட்டு, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள்.